பையன் பேரைச் சொல்லி நான் தேடிய கம்ப்யூட்டர்

எனக்கு கேம் ஆடப் பிடிக்கும். இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு 44 வயது ஆக வேண்டியிருந்தது. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வீடு மேற்குத் தாம்பரம் தாண்டி முடிச்சூர்ப் பக்கம். அப்போது பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் இருக்கிறான். இப்படி ஒருத்தி தன் சம்பளத்தில் 70,000 ரூபாய் எடுத்து வைத்து, தான் விளையாடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் கட்டினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தேன். அந்தப் பயத்தில், 2023 கோடையில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் ஒரே பொய்யைச் சொன்னேன்: "பையனுக்கு வேணுங்க."

அந்தப் பொய் என் பாகத் தேர்வை எங்கெல்லாம் இழுத்துக்கொண்டு போனது, உண்மையைச் சொன்ன பிறகு எப்படி எல்லாம் நேரானது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் முறையாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்களுக்கு இதில் உபயோகமான விஷயங்கள் இருக்கும். மனசுக்குள் ஓர் ஆசையை வைத்துக்கொண்டு அதற்கு வேறொருவர் பேரைச் சூட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஆசை பழையது. 2000 வாக்கில், நாங்கள் குரோம்பேட்டையில் இருந்தபோது, அப்பா கடன் வாங்கித் தம்பிக்கு ஓர் அசெம்பிள்டு செட் வாங்கினார். பென்டியம் 3. அவன் இன்ஜினியரிங் போகப் போகிறவன். நான் பி.காம். முடித்து டேலி கற்றுக்கொண்டிருந்தேன். அவன் ரோடு ராஷ் ஆடுவான், நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். எல்லோரும் தூங்கிய பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நானும் ஆடுவேன். ஒரு நாள் அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் பார்த்துவிட்டாள். "பொம்பளப் புள்ளைக்கு ராத்திரில என்னடி இது?" என்றாள். அதட்டக்கூட இல்லை. ஆனால் நான் அப்போதே எழுந்துவிட்டேன். அதன் பிறகு அந்த நாற்காலியில் டேலிக்காக மட்டும்தான் உட்கார்ந்தேன்.

கல்யாணம், பிள்ளை, வேலை என்று வருஷங்கள் ஓடின. ஒரு நாள் தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே செல்போனில் யாரோ ஆடிய 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' வீடியோவைப் பார்த்தேன். பனி படர்ந்த மலைச்சரிவில் ஒரு குதிரை மெதுவாக நடந்து போகிறது. துப்பாக்கி வேண்டாம், சண்டை வேண்டாம், அந்தக் குதிரைமேல் உட்கார்ந்து அந்த வெளியில் போக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அடுத்து, தம்பி ஆட நான் பார்த்த வண்டி ஓட்டும் ஆட்டத்தின் இன்றைய வடிவம் ஒன்று வேண்டும். 2021-இல் வந்த 'ஃபோர்ஸா ஹொரைசன் 5' அதற்குத் தோதாக இருக்கும் என்று படித்து வைத்திருந்தேன். ஆக, என்ன வேண்டும் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். கடையில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

தாம்பரத்தில் முதலில் போன கடையில் "படிக்கிற பையனுக்கா? ஐ7 செட்டே இருக்கு மேடம், 18,000தான்" என்றார்கள். ஐ7 என்றதும் மனசு ஒரு கணம் ஆடித்தான் போனது. வீட்டுக்கு வந்து மாடல் நம்பரைத் தேடினால், அது 2013-இல் வந்த நான்காம் தலைமுறை ப்ராசஸர். ஏதோ ஆபீஸில் ஓடி முடித்த பெட்டியைத் துடைத்துக் கொடுக்கிறார்கள். 2022-இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 அதைவிட வேகம். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், ஆக இது அந்தக் கணக்கிலும் சேராது. ஐ5, ஐ7 என்கிற பெயர் மட்டும் எதையும் சொல்லாது, அதற்குப் பின்னால் வரும் நம்பரின் முதல் ஓரிரு இலக்கம்தான் தலைமுறையைச் சொல்லும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

குரோம்பேட்டையில் இன்னொரு கடை. அங்கே ஏஎம்டி ரைசன் 5 5600ஜி போட்டு, கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஒரு கொட்டேஷன் கொடுத்தார்கள். "பிளஸ் டூ முடியட்டும் மேடம், அப்புறம் கார்டு போட்டுக்கலாம்" என்றார் கடைக்காரர். மூன்றாவது கடையில் நேர்மாறு: "பசங்களுக்கு லைட்டு எரிஞ்சாத்தான் பிடிக்கும்." முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட், ஆறு கலர் ஃபேன், 165 ஹெர்ட்ஸ் மானிட்டர். கார்டு மட்டும் ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. என் குதிரையை அதில் ஓட்டலாம், ஆனால் படத்தின் தரத்தை நிறையக் குறைத்துக்கொண்டு. எதற்காக வாங்குகிறேனோ அந்த மலையும் பனியுமே மங்கிப்போகும்.

இவர்கள் யாரும் என்னை ஏமாற்றவில்லை. நான் சொன்ன வாடிக்கையாளருக்கு என்ன பொருத்தமோ அதைத்தான் கொடுத்தார்கள். படிக்கிற பையனுக்கு 5600ஜி நல்ல யோசனைதான். அந்த வாடிக்கையாளர் நான் இல்லை, அதுதான் சிக்கல்.

இதில் எனக்கு உறுத்தலான இடம் ஒன்று உண்டு. ஒரு கடைக்காரர் அக்கறையாகவே சொன்னார், "கேமுன்னு கேட்டா வாங்கிக் குடுக்காதீங்கம்மா, படிப்பு போயிரும்." நான் தலையாட்டினேன். "ஆமாங்க, இந்தக் காலத்துப் பசங்க எங்க கேக்குறாங்க" என்றும் சொன்னேன். என் பையனுக்கு கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆர்வமே கிடையாது. விடிகாலையில் எழுந்து கிரவுண்டுக்குப் போய் பந்து வீசுகிறவன். படிப்பையும் அவனேதான் பார்த்துக்கொள்கிறான். என் வெட்கத்தை மறைக்க, அவனை ஊரார் முன்னால் சொல்பேச்சு கேளாத பிள்ளையாக்கினேன். வீட்டுக்கு வந்து அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைத்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் ஆபீஸ் முடிந்து கிண்டியில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினேன். அங்கிருந்து நடந்தால் ரிச்சி தெரு. ரேடியோ, டிவி உதிரிபாகக் காலத்திலிருந்தே பேர்போன இடம். இன்றைக்கு ரிச்சி தெரு என்று சொன்னால் மீரான் சாகிப் தெரு, நரசிங்கபுரம் தெரு எல்லாமே அதில் அடக்கம். வண்டி போகிற சந்திலேயே ஆள் போக வேண்டும், அட்டைப்பெட்டி அடுக்கிய தள்ளுவண்டிக்கும் வழிவிட வேண்டும். மாடிப்படி ஏறி ஒரு சின்னக் கடைக்குள் போனேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் பேனாவும் தாளுமாக நிமிர்ந்தார்.

"யாருக்கு மேடம்?"

"பையனுக்கு."

"என்ன கேம் ஆடுவாரு? வாலரண்ட், சிஎஸ் மாதிரி ஷூட்டிங் கேமா?"

"இல்ல, அதெல்லாம் பிடிக்காது. கதையா இருக்கணும். பெரிய இடமா இருக்கணும், நிதானமா சுத்திப் பாக்குற மாதிரி."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "பையன்கிட்ட ஒரு தடவ ஃபோன் போட்டுக் கேட்டுருங்க மேடம். அவர் ஆடுற கேமுக்குத்தான் கார்டு எடுக்கணும்" என்றார்.

போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். யாரைக் கேட்பது? "பையனுக்கு இல்ல தம்பி. எனக்குத்தான். நான்தான் ஆடப்போறேன்" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுதிய தாளை ஓரமாக வைத்துவிட்டு வேறு தாள் எடுத்தார். "அப்ப சரிக்கா. என்னென்ன கேம், கையில எவ்வளவு இருக்கு, வீட்ல மானிட்டர் இருக்கா, வைக்கிற ரூம்ல ஏசி இருக்கா. இந்த நாலும் சொல்லுங்க."

இத்தனை கடையிலும் எனக்குத் தேவைப்பட்டது அந்த நாலு கேள்விதான். பொய் சொல்லிக்கொண்டிருந்தவரை அவற்றில் ஒன்றுக்குக்கூட என்னால் உண்மையான பதில் சொல்லியிருக்க முடியாது. அன்று தொடங்கி ஒவ்வொரு பாகமாக நானே படித்து, கேட்டு, முடிவெடுத்தேன்.

வரிசை முக்கியம். பெரும்பாலோர் ப்ராசஸரில் ஆரம்பிக்கிறார்கள். விளையாட்டுக்குக் கட்டுவதானால் ஆட்டத்தில் ஆரம்பிக்க வேண்டும். ஆட்டம் மானிட்டரை முடிவு செய்யும், மானிட்டர் கார்டை முடிவு செய்யும், கார்டுக்கு ஏற்ற மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்., ப்ராசஸர் எல்லாம் பின்னாலேயே வரும்.

மானிட்டரில் 1080பி என்றால் திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் சுமார் 36.9 லட்சம். 4கே என்றால் ஏறக்குறைய 83 லட்சம். அத்தனை புள்ளியையும் விநாடிக்கு அறுபது தடவையாவது கார்டு புதிதாக வரைய வேண்டும். ஆகவே திரையைப் பெரிதாக்கும் ஒவ்வொரு படிக்கும் கார்டில் காசு கட்ட வேண்டும். 165, 240 ஹெர்ட்ஸ் எல்லாம் வாலரண்ட் மாதிரி கண்ணிமைக்கும் நேரத்தில் சுட வேண்டிய ஆட்டத்துக்கு வேண்டும். குதிரையில் போகிறவளுக்கு நிறம் நன்றாகத் தெரியும் ஐபிஎஸ் பேனல் இருந்தால் போதும். 24 அங்குலம், 1080பி, 100 ஹெர்ட்ஸில் ஒன்றை எடுத்தேன். மிச்சமான பணம் கார்டுக்குப் போனது.

கார்டில் ஆர்எக்ஸ் 6600-க்கும் ஆர்டிஎக்ஸ் 3060-க்கும் இடையில் தடுமாறினேன். முதலாவதில் 8 ஜிபி, அது இழுக்கும் மின்சாரம் 132 வாட். இரண்டாவதில் 12 ஜிபி, 170 வாட், ஒளிக்கதிர்களை நிஜம்போல் காட்டும் ரே டிரேசிங்கில் கை ஓங்கியது. ஆனால் விலை சில ஆயிரங்கள் கூட. என் ஆட்டங்களுக்கு 1080பி-யில் ஆர்எக்ஸ் 6600 தாராளம் என்று தெரிந்ததால் அதோடு நின்றேன். சுமார் 21,000 ரூபாய். மொத்தப் பட்ஜெட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. விளையாட்டுக் கம்ப்யூட்டருக்கு அது சரியான பங்குதான்.

அதே தெருவில் பாதி விலைக்கு செகண்ட் ஹேண்ட் கார்டுகளும் கிடைத்தன. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எதீரியம் என்கிற மின்நாணயம், கிராபிக்ஸ் கார்டு வைத்து 'மைனிங்' செய்யும் முறையைக் கைவிட்டது. அதுவரை ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் விற்பனைக்கு வந்தன. எல்லாம் கெட்டவை என்று சொல்ல முடியாது. ஆனால் பில் இல்லை, கொடுப்பது ஒரு வாரம் 'டெஸ்டிங் வாரண்டி'. முதல்முறை கட்டுகிற எனக்கு, ஏதாவது கோளாறு என்றால் அது கார்டாலா என் கைவேலையாலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் புதிதாகவே வாங்கினேன். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு பில் போட்டு, ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் பில்லிலேயே எழுதச் சொன்னேன். வாரண்டிக்குப் போய் நிற்கும் நாளில் நமக்காகப் பேசப்போவது அந்தத் தாள்தான். பில் இல்லாமல் வாங்கினால் இப்போது மிச்சம், அப்போது நஷ்டம்.

எஸ்.எம்.பி.எஸ். பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பட்ஜெட் இடித்தால் எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். ரிச்சி தெருக் கடைத் தம்பி இரண்டு பெட்டிகளை எடுத்துத் திருப்பி, பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிளைக் காட்டினார். முதல் பெட்டியில் முன்பக்கம் பெரிதாக 450 வாட் என்று இருக்கிறது. லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு நேரே 16 ஆம்பியர். "பெருக்கிப் பாருங்கக்கா" என்றார். 192 வாட்தான் வருகிறது. மீதி எல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிசைகளின் கணக்கு. இன்றைய ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட்டில் இருந்துதான். இரண்டாவது பெட்டி 550 வாட், 80 பிளஸ் பிராண்ஸ் முத்திரை. 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், அதாவது 540 வாட். பெட்டிமேல் போட்ட நம்பரும் உள்ளே இருக்கும் நம்பரும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கின்றன. என் கார்டும் ப்ராசஸரும் மற்றவையும் சேர்ந்து முழு வேகத்தில் 250 வாட் அளவில் இழுக்கும். முதல் பெட்டியை வாங்கியிருந்தால் ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் படக்கென்று அணைந்திருக்கும். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். போகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக்கொண்டு போகக்கூடும். கணக்குப் பார்ப்பதே வேலையாக இருப்பவள் நான். நம்பரைப் பெருக்கிப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது என்பதை அன்று ஒரு புதிய பெட்டியின் பக்கவாட்டில் படித்தேன்.

ப்ராசஸரில் ஓர் எழுத்து விலையையும் குணத்தையும் மாற்றிவிடுகிறது. ரைசன் 5 5600-க்கும் 5600ஜி-க்கும் பெயரில் வித்தியாசம் கடைசி எழுத்து மட்டுமே. இரண்டிலும் ஆறு கோர்தான். 'ஜி'யில் படம் காட்டும் பகுதி உள்ளேயே இருக்கும், ஆனால் எல்3 கேஷ் 16 எம்.பி.தான். 5600-இல் அது 32 எம்.பி., படம் காட்டும் பகுதி கிடையாது. தனிக் கார்டு போடுகிறவருக்கு 5600தான் சரி. இன்னொரு காரணமும் உண்டு. ஆர்எக்ஸ் 6600 எட்டுப் பாதைகளில் மட்டுமே மதர்போர்டோடு பேசும். பிசிஐஇ நான்காம் தலைமுறைப் பாதையாக இருந்தால்தான் அது முழு வேகத்தில் பேச முடியும். 5600ஜி கொடுப்பது மூன்றாம் தலைமுறை. பி450 போர்டும் அப்படியே. அதனால் 5600-ஐயும் பி550 போர்டையும் ஜோடியாக எடுத்தேன். இன்டெல் பக்கம் போகிறவர்கள் பெயரின் கடைசியில் 'எஃப்' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஃப் இருந்தால் உள்ளே படம் காட்டும் பகுதி இல்லை.

ராமில் 16 ஜிபி-யை ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்கினேன். இரண்டு இருந்தால்தான் இரு தடத்திலும் தகவல் ஓடும். நாலு ஸ்லாட் உள்ள போர்டில் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்த வேண்டும். 3200 என்று போட்ட ராமை மாட்டினால் அது தானாக 3200-இல் ஓடாது. பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்கிற அமைப்பை இயக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் என்விஎம்இ வகையில் 1 டிபி எடுத்தேன். ரெட் டெட் 2-க்கு மட்டும் 150 ஜிபி இடம் வேண்டும், ஃபோர்ஸாவுக்கு 110. அரை டிபி-யை விண்டோஸும் மூன்று ஆட்டமும் சேர்ந்தே தின்றுவிடும்.

இனி ஊர் சார்ந்த விஷயங்கள். இவற்றை வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லித் தராது.

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரை கடந்து முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகின. எங்கள் தரைத்தள வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. அந்த அனுபவம் உள்ள வீட்டில் கம்ப்யூட்டர் பெட்டியைத் தரையில் வைக்க யாருக்கும் மனசு வராது. அதனால் கேபினெட் தேர்வுக்கு நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: மேஜைமேல் அடங்க வேண்டும், தேவைப்பட்டால் நான் ஒருத்தியே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடிய வேண்டும். 24.4 சென்டிமீட்டர் சதுரமான மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டும் அதற்கேற்ற சின்ன கேபினெட்டும் எடுத்தது அதற்காகத்தான். 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறையைப் பெரும்பாலான கம்பெனிகள் பின்பற்றுவதால்தான் ஒருவர் செய்த போர்டு இன்னொருவர் செய்த பெட்டியில் திருகு துவாரம் வரைக்கும் பொருந்துகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்த விதி பலித்தது. தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் வயர்களைக் கழற்றி, கார்டைத் தனியாக உருவி அதன் பெட்டியில் வைத்து, கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு மாடியில் இருக்கும் ஹவுஸ் ஓனர் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். பையனும் என் கணவரும் அந்த நேரத்தில் அரிசி மூட்டையையும் மெத்தையையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது சூடு. அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத அறை 35 டிகிரியில் இருக்கும்போது பெட்டிக்குள் போகும் காற்றே 35 டிகிரிதான். எந்த ஃபேனும் அதற்குக் கீழே குளிர்விக்காது. முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினெட் பார்க்க அழகு, காற்று போக வழி குறைவு. வலை போட்ட முகப்பு, முன்னால் இழுக்க இரண்டு ஃபேன், பின்னால் தள்ள ஒன்று என்று எடுத்தேன். நெடுஞ்சாலைப் புழுதியும் புதுக் கட்டட வேலைத் தூசியும் சேரும் ஊர் இது. வலையைக் கழற்றித் துடைக்க முடிகிறதா என்றும் பார்த்து வாங்க வேண்டும்.

மின்சாரம் மூன்றாவது. கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுரீரென்று லேசாக உணர்ந்தால் வீட்டு எர்த்திங்கைச் சந்தேகப்பட வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்துவிட்டுத்தான் நான் ப்ளக்கைச் செருகினேன். யுபிஎஸ்ஸில் 600 விஏ என்று போட்டிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான் கொடுக்கும். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 300 வாட்டைத் தொடும் என்பதால் 1 கேவிஏ வாங்கினேன். கரன்ட் பில்லையும் கணக்குப் போட்டேன். 300 வாட், தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லுக்கு 36 யூனிட். எங்கள் வீடு 500 யூனிட்டைத் தாண்டாத வீடு. தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். ஆகவே இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே கணவரிடம் பேசினேன்.

ஆமாம், அவரிடமும் பேச வேண்டியிருந்தது. "கேமா? உனக்கா?" என்றார். "எனக்குத்தாங்க. சின்ன வயசுலேர்ந்து ஆசை" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு, "எர்த் பாக்கணும், வீட்ல கம்ப்யூட்டர் வருது" என்று அவர்தான் சொன்னார்.

கடையிலேயே கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு பூட்டிக் கொடுப்பார்கள். நான் வீட்டில் நானே பூட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பினேன். பையன் கிரவுண்டிலிருந்து வந்தான். "யாருக்குமா இதெல்லாம்?"

"எனக்குடா."

அப்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடை கடையாக அவன் பேரைச் சொன்னதை, அவனைப் பற்றி நான் தலையாட்டியதை, எதையும் விடாமல். அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்கிட்டயே சொல்லியிருக்கலாமேமா. நான் கூட வந்திருப்பேன்" என்றான். சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

ப்ராசஸரின் ஒரு மூலையில் சின்னதாகத் தங்க நிற முக்கோணம் இருக்கும். சாக்கெட்டிலும் அதே மூலையில் ஒரு முக்கோணம். இரண்டையும் பொருத்தி, லீவரைத் தூக்கி, வெறுமனே வைத்தால் அதன் எடைக்கே உள்ளே இறங்கும். ஏஎம்4 ப்ராசஸரின் அடியில் 1,331 ஊசிகள். அழுத்தினால் வளையும். கூடவே வரும் கூலரை மாட்ட, போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பின்பக்கத்துத் தகடு விழுந்துவிடும். பையன் இரண்டு விரலால் அந்தத் தகட்டைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டான், நான் நாலு திருகையும் குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். கடைசியில் மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருக வேண்டும். அதை எனக்கு ஞாபகப்படுத்தியது அவன்தான், நான் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து.

ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு ஆடுகிறேன். ஸ்பீக்கரை அணைப்பதில்லை. என் குதிரை போகும் வழியில் மழை பெய்தால் வீடே கேட்கும். ஒருமுறை ஊரிலிருந்து வந்த அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இந்தக் காடெல்லாம் நெசமாவே இருக்கா?" என்று கேட்டாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று கட்டப் போகிறவர்களுக்கு என் பட்டியல் அப்படியே உதவாது. ஏஎம்டி 2022 செப்டம்பரில் கொண்டுவந்த ஏஎம்5 சாக்கெட் பரவலாகிவிட்டது, அதற்கு டிடிஆர்5 ராம் வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. பாகங்களும் விலையும் மாறிக்கொண்டேதான் இருக்கும். மாறாதது வரிசை: ஆட்டம், மானிட்டர், கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., பிறகு மற்றவை. அந்த வரிசையின் முதல் படியில் நிற்பது ஆடப்போகிறவர். அவர் யார் என்பதில் பொய் இருந்தால் கீழே உள்ள எல்லாத் தேர்வும் கோணும்.

நம் வீடுகளில் பெண்ணுக்கு ஒரு பொருள் வேண்டும் என்றால் அது பிள்ளைக்கு, வீட்டுக்கு, படிப்புக்கு என்று ஏதாவது ஒரு காரணத்தோடுதான் வாசற்படி ஏறுகிறது. வயசான ஆண்களுக்கும் இது பொருந்தும். ரிடையர் ஆன பிறகு கேரம் போர்டு வாங்கினாலும் "பேரனுக்கு" என்கிறார்கள். சொந்தப் பணத்தில், வீட்டுத் தேவைகளைக் குறைக்காமல், யாருக்கும் தொந்தரவில்லாமல் வரும் சந்தோஷத்துக்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. கடைக்குப் போகும் முன் என்ன ஆடப் போகிறீர்கள், எவ்வளவு செலவழிக்கலாம், எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கவுன்ட்டரில் "யாருக்கு?" என்று கேட்டால் "எனக்கு" என்று சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் உடனே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அதற்கு மேல் அதில் பயப்பட ஒன்றுமே இல்லை.